அண்ணன் வந்து உட்கார ஒரு வீடு

“…சோபாவுல எத்தன பேரு ஒக்காரலாம்ங்கறத அப்பறம் பேசிக்கலாங்க தம்பி. மொதல்ல எங்கண்ணன் வந்து ஒக்கார்ற மாதிரி ஒரு ஊடு பண்ணிக் குடுங்க. அவரு வந்துட்டா மத்தவங்கெல்லாம் தன்னால வந்துருவாங்க” என்று அந்த அம்மா சொல்லி முடித்தபோது, நான் தூக்கிக்கொண்டு போயிருந்த மூன்று சோபாப் புத்தகங்களையும் மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

பத்துப் பன்னிரண்டு வருடமாக வீடுகளுக்கு உள்வேலை செய்து கொடுக்கிறேன். என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். “சம்பந்தி உள்ள வந்தா ரெண்டு நிமிசம் அவருக்குப் பேச்சு வரக்கூடாதுங்க” என்றார் போர்வெல் ரிக் வைத்திருக்கும் ஒருவர். “பாத்ரூமுக்குப் போனவங்களுக்கு வெளிய வாரதுக்கே மனசு வரக்கூடாது” என்றார் இன்னொருவர். அவர் வீட்டு விசேஷத்தில் விருந்தாளிகள் அப்படியே செய்ததில் கதவுக்கு வெளியே வரிசை நின்றது. ஆனால் ஒரே ஒரு ஆள் வந்து உட்கார வேண்டும் என்பதற்காக ஏழாயிரம் சதுர அடியில் வீடு கேட்டவர் இந்த அம்மா ஒருவர்தான்.

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் அவர்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. நீளநீளமான கொட்டகைகள், தீவனம் அரைக்கும் இடம், காலையில் முட்டை ஏற்ற வரும் வண்டிகள், இவற்றுக்கு நடுவில் தீவனக் குடோனை ஒட்டி இரண்டு அறை. அந்த இரண்டு அறையில்தான் புருஷனும் பெண்சாதியும் இருபது வருடத்துக்கு மேல் குடித்தனம் செய்திருக்கிறார்கள். இப்போது அதே நிலத்தில் முன்பக்க மூலையில் பெரிய வீடு எழும்பிப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. உள்வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

என் படிப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் நான் படித்தேன். டிரைவர் படுக்க ஒரு பலகை, சாமி படத்துக்கு ஒரு மாடம், தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு பொந்து, மேலே ரெக்சின் தைத்த கூரை, எல்லாம் ஒரு கேபினுக்குள். அங்கிருந்து ஃபால்ஸ் சீலிங் வேலைக்குப் போய், பிறகு கைபேசியில் படம் பார்த்துப் பார்த்து இந்தத் தொழிலுக்கு வந்தவன். அந்த அம்மாவின் கணவருக்கு இது தெரியும். “கேபினுக்குள்ள ஊடு கட்டுன ஆளு, ஊட்டுக்குள்ள ஊடு கட்ட மாட்டானா?” என்று சொல்லித்தான் எனக்கு வேலை கொடுத்தார். எனக்குக் கிடைத்த பட்டம் அது ஒன்றுதான். இன்றுவரை எடுத்து வைத்திருக்கிறேன்.

அண்ணன் வந்து உட்காருவதில் என்ன கஷ்டம் என்று நானும் அன்றைக்குக் கேட்டேன்.

கோழிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பண்ணைக்குள் இன்னொரு பண்ணைக்காரர் கால் வைக்க மாட்டார். பகை ஒன்றும் கிடையாது. ஒரு பண்ணையின் சீக்கு செருப்பில் வருமா, கார்ச் சக்கரத்தில் வருமா, வேட்டி ஓரத்தில் வருமா என்று யாராலும் சொல்ல முடியாது. போய்த்தான் தீர வேண்டும் என்றால் மூன்று நாள் தன் கோழிப் பக்கமே போகாமல் இருந்து, தலைக்குக் குளித்து, புதுத்துணி உடுத்திக்கொண்டு போக வேண்டும். போனால் கேட்டில் வண்டிச் சக்கரம் முங்க ஒரு தொட்டி, மனிதர் கால் முங்க ஒரு தொட்டி, இரண்டிலும் கத்திரிப்பூ நிறத்தில் மருந்துத் தண்ணீர். ஒரு டம்ளர் காபிக்காக இத்தனையும் யார் செய்வார்கள்? அதனால் கோழிக்காரர்கள் கல்யாண மண்டபத்தில் உறவு கொண்டாடுவார்கள், பேக்கரி வாசலில் நின்றபடி குடும்ப விவகாரம் பேசுவார்கள், அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அந்த அம்மாவின் அண்ணனும் கோழிக்காரர். ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி அவருடைய பண்ணை. லாரி வைத்திருந்த காலத்தில் வாரம் தவறாமல் தங்கை வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனவர், லாரியை விற்றுவிட்டுக் கோழிக்கு மாறிய நாளோடு வருவதை நிறுத்திவிட்டார். பதினோரு வருடமாகிறது.

“எங்கண்ணனுக்குக் கோழி வெக்கறதுக்கு வழி சொல்லிக் குடுத்ததே இவருதாங்க. தொழிலச் சொல்லிக் குடுத்து வாசல மூடிட்டாரு” என்று கணவர் பக்கம் கையை நீட்டினார்.

கணவர் ஒடிசலான மனிதர். குரலே உயராது. “நானா மூடுனேன்? சீக்கு மூடுச்சு” என்றார்.

“சீக்குக்குத் தெரியுங்களா அண்ணன் தங்கச்சியெல்லாம்?”

“அதத்தான் புள்ள நானும் சொல்றேன்.”

வீட்டை நாமக்கல் டவுனில் கட்டியிருந்தால் தொல்லையே இல்லை. அந்த அம்மா அதைத்தான் முதலில் கேட்டிருக்கிறார். “டவுன்ல படுத்துட்டு இங்க கோழி கொக்கரிக்கற சத்தம் மாறுனா எனக்கு எப்படித் தெரியும்?” என்று கணவர் மறுத்துவிட்டார். நாலு மாதம் பேச்சுவார்த்தை. கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். பண்ணை நிலத்திலேயே வீடு, ஆனால் ரோட்டைப் பார்த்துத் தனி கேட், வீட்டுக்கும் பண்ணைக்கும் நடுவில் எட்டடிச் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் வருகிறவர் வீட்டுக்கு வந்தவர், பண்ணைக்கு வந்தவர் ஆக மாட்டார் என்பது அந்த அம்மா போட்ட சட்டம். கணவரும் ஒத்துக்கொண்டார். சுவரில் ஒரு சின்னக் கதவு வைத்து, அதன் வழியாக ஒரு நாளைக்கு ஆறு தடவை அவர் மட்டும் போய்வருவார் என்பதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் அந்தக் கதவுக்கு என்ன கைப்பிடி போடலாம் என்றுதான் யோசித்தேன்.

வேலை ஆரம்பித்தது. நான் முதலில் வரைந்து காட்டிய சாப்பாட்டு மேசை நீள்வட்டம், சுற்றிலும் பதினாறு நாற்காலி, மேலே கண்ணாடிச் சரம் தொங்கும் விளக்கு. எல்லாப் பணக்கார வீட்டிலும் கைதட்டல் வாங்கிய படம் அது. அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, எதுத்தாப்புல ஒருத்தரு வாயப் பாத்துட்டே திங்கறதுங்களா? செரி, அது கெடக்கட்டும். பரிமாற்றவ எங்க நிப்பா? மேச மேலயா?”

நான் படம் பார்த்துக் கற்ற வீடுகளில் யாரும் பரிமாறுவதில்லை, அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். இங்கே வீட்டுக்காரி சாம்பார் வாளியோடு எதிரில் நின்று, இலையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, “இன்னொரு கரண்டி” என்று சொல்லிக்கொண்டே நகர வேண்டும். அதனால் மேசை சுவரைத் தழுவி வளைந்து போனது. சாப்பிடுகிறவர்கள் ஒரு பக்கம், பரிமாறுகிறவர்கள் மறுபக்கம். அகலம் ஒரு தலைவாழை இலைக்கு மட்டும். சூடு பட்டாலும் ரசம் கொட்டினாலும் கறை பிடிக்காத வெள்ளைக் கல் மேலே. பார்த்தவர்கள், “மண்டபத்துப் பந்தியவே தேக்குல செஞ்சு வெச்சிருக்கறீங்க” என்றார்கள். சிலர் பாராட்டாகச் சொன்னார்கள்.

அடுத்தது உட்காரும் உயரம். அண்ணனுக்கு முழங்கால் வலி, தாழ்ந்த சோபாவில் உட்கார்ந்தால் எழ இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். “கை குடுக்கற மாதிரி ஆச்சுன்னா அடுத்த தடவ வர மாட்டாருங்க, அவரு ரோசக்காரரு” என்றார் தங்கை. ஆகவே அவருக்கு எந்த உயரம் சௌகரியம் என்று கண்டுபிடிக்க என்னை ஒரு கல்யாணத்துக்கு அனுப்பினார். நான் போய், அண்ணனை அடையாளம் பார்த்து வைத்துக்கொண்டு, மூன்று நாற்காலி மாறி அவர் கடைசியாக நிலைத்து உட்கார்ந்த நாற்காலியை, அவர் சாப்பிட எழுந்து போன பிறகு டேப் வைத்து அளந்தேன். மண்டபத்து ஆள் ஒருவர் வந்து, “ஏனுங்க, நாக்காலி எதாச்சும் சுருங்கிப் போச்சுங்களா?” என்று விசாரித்தார். அந்த ஒரு முழங்காலின் அளவுக்குத்தான் ஹாலில் இருபத்திரண்டு பேர் உட்காரும் இடம் முழுவதும் எழும்பியது. குட்டையானவர்களுக்குக் கால் தரையில் படாது. “அவங்கெல்லாம் ஆட்டிக்கட்டும்” என்றார் அந்த அம்மா.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் கணவர் ஒரு நாள் என்னை சிமெண்ட் மூட்டைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

“தம்பி, வாசல்ல ஒரு தொட்டி வேணுங்க.”

“எதுக்குங்க?”

“வாரவங்க காலு நனையறதுக்கு.”

எனக்குப் புரிந்துவிட்டது. “அம்மாவுக்குத் தெரியுங்களா?”

“அவகிட்ட அலங்காரம்னு சொல்லுங்க. நாஞ் சொன்னா சந்தேகப்படுவா, நீங்க சொன்னா நம்புவா. சுவரு இருக்குதுதான். ஆனா நான் அந்த ஊட்டுத் தரைய மிதிச்சுட்டுத்தானே கோழிகிட்டப் போறேன்? என்ற காலுக்கு சுவரு ஏது?”

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்கு முழுக் காரணம் அவருடைய கவலை இல்லை. தொட்டி என்று அவர் சொன்ன உடனேயே என் மனதில் ஒரு படம் வந்துவிட்டது. கறுப்பு கிரானைட்டில் ஆழமில்லாத தடாகம், பித்தளை விளிம்பு, உள்ளே விளக்கு, மேலே மிதக்கும் தாமரை. மருந்துத் தொட்டியை இவ்வளவு அழகாக யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்ற நினைப்பு வந்த பிறகு நியாயத்துக்கு எங்கே இடம்? தாண்ட முடியாத அகலம் வேண்டும் என்றார், நாலரை அடி வைத்தேன். மருந்தின் நிறம் தெரியக்கூடாது என்றார், அதற்குத்தான் கறுப்புக் கல்.

அந்த அம்மாவிடம், “அரண்மனைகள்ல இருந்த மாதிரிங்க. வாரவங்க பாதம் நனைஞ்சு உள்ள வரணும், அது ஒரு மரியாதை” என்று கூசாமல் சொன்னேன். அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. “பரவால்லீங்க, லாரிப் பட்டறையில இதெல்லாங்கூட சொல்லிக் குடுக்கறாங்க” என்றார்.

பால் காய்ச்சிய அன்று விடிகாலையில் வந்தவர்கள் மிகக் கொஞ்சம் பேர். ஓமம் வளர்க்க ஐயர், குமாரபாளையத்தில் தறி போட்டிருக்கும் கணவரின் தங்கை குடும்பம், நான். இவர்களில் கோழிக்காரர் ஒருவரும் இல்லை. இருந்தாலும் கணவர் எல்லோருக்கும் முன்னால் எழுந்து தடாகத்தில் மருந்தைக் கலந்து, மேலே ரோஜா இதழைத் தூவி வைத்திருந்தார். ஒவ்வொருவராகப் பாதம் நனைத்து, “ஆகா, குளுகுளுன்னு இருக்குது” என்று சொல்லிக்கொண்டே வெள்ளை இத்தாலிப் பளிங்கில் ஏறி நடந்தார்கள்.

ஈரம் காயக் காயத்தான் தெரிந்தது. முதலில் ரோஸ் நிறம். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது காவிக்கு மாறியது. பால் பொங்குவதற்குள் ஹால், மாடிப்படி, சமையலறை எங்கும் பழுப்பு நிறப் பாதங்கள். யார் யார் எந்தெந்த அறையை எட்டிப் பார்த்தார்கள் என்ற விவரம் முழுவதும் தரையில் இருந்தது.

கணவரின் தங்கை, “அண்ணி, மகாலட்சுமி பாதம் போட்டிருக்கறீங்களா? பரவால்ல, நெறையத்தான் போட்டிருக்கறீங்க” என்றார். பிறகு தன் பட்டுச்சேலைக் கரையைப் பார்த்தார். அதிலும் பழுப்பு.

அந்த அம்மா தடாகத்தின் அருகே போய், குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வெளிச்சத்தில் பார்த்தார். இருபது வருடம் பார்த்த நிறம். கணவரைத் தாண்டி நேராக என்னிடம்தான் வந்தார்.

“காலக் கழுவிட்டு வரச் சொன்னா அது மரியாதைங்க தம்பி. மருந்துல முக்கி எடுத்தா அது கோழிக்குஞ்சுக்குச் செய்யறது. என்ற ஊட்டுக்கு வாரவங்க கோழிக்குஞ்சுங்களா?”

நான் தலை குனிந்தால் என் காலடியிலும் இரண்டு பழுப்புப் பாதம்.

மறுநாளே தடாகத்தில் மண்ணை நிரப்பச் சொல்லிவிட்டார். பளிங்கை இரண்டு முறை பாலீஷ் போட்டோம். மருந்துத் தொட்டி பண்ணைப் பக்கம், சுவர்க் கதவுக்கு அந்தப்புறம் போனது. இனி வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பதில் கணவரே ஒவ்வொரு முறையும் கால் நனைத்து, செருப்பு மாற்றிக் கோழியிடம் போவது என்று ஆயிற்று. யோசித்துப் பார்த்தால் ஆரம்பத்திலேயே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கு அந்தக் கறுப்புக் கல்லின் மேல் இருந்த ஆசையில் அது தோன்றவில்லை.

வீட்டுக்குப் பெரிய அழைப்பு அதற்கு அடுத்த வாரம். உறவு முழுவதையும் கூப்பிட்டு விருந்து வைப்பது என்று திட்டம். உறவில் முக்கால்வாசி கோழிக்காரர்கள். தம்பதியாகத் தட்டோடு போய் அழைத்தால்தான் மரியாதை, ஆனால் அழைக்கப் போவதே பண்ணைகளுக்கு. அதனால் அவர்களைக் கேட்டுக்கு வெளியே வரச்சொல்லி, ரோட்டில் நின்றபடியே குங்குமம் கொடுத்து அழைத்தார்கள். எல்லோரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு ஒரே மாதிரி சொன்னார்கள்.

“கட்டாயம் வாரோமுங்க. ஊட்டுல வேண்டாங்க, உங்க கோழிக்கு எதுக்கு ரோதன? மண்டபத்துல வெச்சுருங்க, குடும்பத்தோட வாரோம்.”

சுவர் இருக்கிறது, தனி கேட் இருக்கிறது என்று அந்த அம்மா ஒவ்வொருவரிடமும் எடுத்துச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் மாறவில்லை. இருபத்திரண்டு பேர் உட்காரும் ஹாலும் பதினாறு பேர் சாப்பிடும் மேசையும் உள்ள வீட்டின் புதுமனை விருந்தை நாமக்கல்லில் வாடகை மண்டபத்தில் நடத்தினார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். வீட்டைப் பார்க்காமல் எப்படி என்று கணவர் யோசித்து, வேலைக்கு முன்னால் நான் கணினியில் செய்து காட்டியிருந்த வீட்டுப் படத்தை மேடையில் பெரிய எல்ஈடி திரையில் ஓடவிடச் சொன்னார். நான் பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதவு திறக்கும், ஹால் வரும், விளக்கு ஒவ்வொன்றாக எரியும், மேசை வரும், மாடி வரும், மறுபடி கதவு திறக்கும். அந்த மாதிரிப் படங்களில் இடம் வெறுமையாகத் தெரியக்கூடாது என்று இரண்டு மூன்று மனிதர்களை உட்கார வைப்போம். அவர்கள் மென்பொருளோடு வருகிறவர்கள். இதில் நீலக் கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரர் சோபாவில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

மண்டபம் முழுக்க அவரைப் பற்றித்தான் பேச்சு. “கோட்டுப் போட்டவரு யாருங்க, பேங்குக்காரரா?” “வெளிநாட்டு சம்பந்தமோ என்னமோ.” “நம்மளைக் கூப்புடாம அவரை மட்டும் ஊட்டுக்குக் கூப்புட்டிருக்கறாங்க பாரு.” வந்தவர்கள் சாப்பிட்டு, திரையைப் பார்த்து, “ஊடு அம்சமா இருக்குதுங்க” என்று சொல்லி, தாம்பூலம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அண்ணன் பந்தியில் உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், நரைத்த மீசை. தங்கை எதிரில் நின்று பரிமாறினார். நான் இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

“ஊடு நல்லாருக்குது அம்மணி” என்றார் அண்ணன், திரையைப் பார்த்துக்கொண்டே. “ஆனா எனக்கு முந்தி எவனோ வந்து ஒக்காந்துட்டானே.”

“படத்துல ஒக்கார ஒரு கோட்டுக்காரரு கெடச்சாருங்கண்ணா. நேர்ல ஒக்கார எனக்கு யாருங் கெடைக்கல” என்றார் தங்கை. கையில் ரசக் கரண்டி அப்படியே இருந்தது. “பதினோரு வருசமா உங்கள மண்டபத்துலயே பாத்துட்டிருக்கறேன். யாரோ ஊட்டுக் கல்யாணத்துல நின்னுட்டு உங்களுக்குச் சோறு போடறேன். என்ற அடுப்புல பொங்குனது உங்க எலையில விழவே விழாதா?”

அண்ணன் கை இலையிலேயே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் அப்பளத்தைக் கூட சத்தமில்லாமல் கடித்தார்கள். அண்ணன் இலையைப் பார்த்தபடியே சொன்னார்:

“வியாழக்கெழம கெளம்பி சேலத்துல எம்பொண்ணு ஊட்டுக்குப் போயிடறேன். மூணு நாளு அங்கயே இருக்கறேன், பண்ணப் பக்கமே திரும்ப மாட்டேன். ஞாயித்துக்கெழம மத்தியானம் அவ கார எடுத்துட்டு, அங்கிருந்து நேரா உன்ற ஊட்டுக்கு வாரேன். போதுமா? இப்ப ரசத்த ஊத்து.”

அவர் சொன்னபடியே வியாழக்கிழமை சேலத்துக்குப் போய்விட்டார் என்று எனக்குச் செய்தி வந்தது. மாலை போட்டுக்கொண்டவர் மாதிரி மூன்று நாள் அவர் மகள் வீட்டில் இருக்க, இங்கே தங்கை தினமும் எனக்கு நாலு முறை போன் செய்தார். மேசை விளக்கு வெளிச்சம் கூடுதலாக இருக்கிறது, இலை பச்சையாகத் தெரிய வேண்டாமா? கை கழுவும் குழாயைத் தொட்டாலே தண்ணீர் வருவது அண்ணனுக்குப் புரியுமா, திருகித் தேடுவாரா? திருகுகிற குழாயையே மாட்டிக் கொடுத்தேன். இதற்கு மேல் என்னிடம் மாற்றித் தர ஒன்றும் இல்லை என்றபோது, “அப்ப ஞாயித்துக்கெழம நீங்களும் சாப்புட வந்துருங்க” என்றார்.

நான் பன்னிரண்டு மணிக்குப் போனேன். வீடு முழுக்க அரிசியும்பருப்புச் சோற்று மணம், வெள்ளாட்டுக் கறி மணம். சமையலுக்கு வைத்திருந்த ஆளை அன்றைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாவே செய்திருந்தார். பச்சைப் பட்டு கட்டி, தலை நிறையப் பூ. மேசையில் ஒரு இலை மட்டும் போட்டிருந்தது.

“எங்களுக்கு?” என்று கேட்டார் கணவர்.

“உங்களுக்கு ரெண்டாம் பந்தி.”

கணவர் அன்று வழக்கத்துக்கு மாறாகச் சிரித்தபடி இருந்தார். காலையிலிருந்து கொட்டகைப் பக்கமே போகவில்லை என்றும், மேனேஜரிடம் விட்டுவிட்டதாகவும் என்னிடம் ரகசியம் போலச் சொன்னார். “மச்சான் மூணு நாளு சுத்தமா இருந்து வாராரு. இனி என்னங்க பயம்? நானே போயி கையப் புடிச்சுக் கூட்டிட்டு வாரேன்” என்றார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டாமல் இறக்கிவிட்டிருந்தார்.

ஒரு மணிக்கு மேல் கேட்டுக்கு வெளியே வெள்ளைக் கார் வந்து நின்றது. கேட் விரியத் திறந்திருந்தது. ஆனால் கார் உள்ளே வரவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கணவர் வேட்டி தடுக்க ஓட்டமும் நடையுமாகப் போனார். அந்த அம்மா கை துடைத்துக்கொண்டு அவர் பின்னால் போனார். நானும் போனேன்.

அண்ணன் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கைபேசி மடியில் கிடந்தது.

“வாங்க மச்சான், உள்ள உடுங்க வண்டிய” என்றார் கணவர்.

“இல்லீங்க மாப்ள.” கைபேசியை எடுத்துக் காட்டினார். “இப்பத்தான், அந்தப் பாலத்துகிட்ட வாரப்ப போன் வந்துச்சு. ரெண்டாவது கொட்டாயில காலையில இருந்து கோழி விழுந்துட்டே இருக்குதாம். கழுத்த முறுக்கிட்டு விழுகுதாம். டாக்டருக்குச் சொல்லியிருக்குது. நான் நேராப் போவோணும்.”

கணவர் முகம் மாறியது. கழுத்தை முறுக்கிக்கொண்டு விழுந்தால் கொட்டகையையே காலி செய்கிற சீக்கு என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் அவர் பின்வாங்கவில்லை, அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு கையைக் கார்க் கதவின் மேல் வைத்தார்.

“நீங்கதான் மூணு நாளாப் பண்ணைக்கே போகலையே மச்சான். உங்களால ஒண்ணுமில்ல. வந்து ரெண்டு வாய் சாப்புட்டுட்டுப் போங்க. பத்து நிமிசத்துல என்ன ஆயிரும்?”

“தொண்டையில எறங்காதுங்க.” அண்ணன் தங்கையைப் பார்த்தார். “போன்ல சொல்லிட்டுத் திரும்பியிருப்பேன் அம்மணி. நீ சமைச்சு வெச்சிருப்ப. மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். நான் இல்லாத நேரம் பாத்து… மூணு நாளு நான் அங்க இருந்திருந்தா மொதக் கோழி விழுந்தப்பவே…”

அந்த அம்மா காரின் கண்ணாடிக்கு அருகே நின்று அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிர்பார்த்த மாதிரி அழவும் இல்லை, குத்தலாக ஒன்றும் சொல்லவும் இல்லை.

“அண்ணி எங்கீங்க?” என்று கேட்டார்.

“சேலத்துலயேதான். அவளுக்கு இன்னுஞ் சொல்லல.”

“அப்ப பண்ணையில உங்களுக்குச் சோறாக்கறதுக்கு ஆளில்ல.”

“சோத்துக்கென்ன இப்ப?”

அந்த அம்மா காரைச் சுற்றி மறுபக்கம் நடந்தார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று கணவருக்கு என்னைவிட முன்னால் புரிந்துவிட்டது.

“ஏ புள்ள, நில்லு. கேளு. சீக்கு விழுந்த பண்ணைக்குப் போனீன்னா மூணு நாளுல இங்க வர முடியாது. பதினஞ்சு நாளோ இருபது நாளோ, அங்க அடங்குற வரைக்கும். இந்த ஊட்டுக்குள்ள நான் உன்ன உட முடியாது. தெரியுமில்ல?”

“தெரியுங்க” என்றார் அந்த அம்மா. “நீங்க உட வேண்டாங்க. சோறு மேச மேல இருக்குது, நீங்களும் தம்பியும் சாப்புடுங்க.”

“அம்மணி, எறங்கு. விளையாடாத. அங்க வந்து நீ என்ன பண்ணுவ?” என்றார் அண்ணன்.

அந்த அம்மா இன்னும் ஏறவே இல்லை. கதவைத் திறந்து, பச்சைப் பட்டின் கொசுவத்தை ஒரு கையால் சேர்த்துப் பிடித்து, அண்ணன் பக்கத்தில் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். தோளுக்கு மேல் கையைக் கொண்டுபோய் சீட் பெல்ட்டை இழுத்து, அது எங்கே மாட்டுகிறது என்று குனிந்து தேடி, மாட்டிக்கொண்டார்.